கடல் செய்தது எது, ஹோட்டல் செய்தது எது? ஹேவ்லாக் அறைப் பணமும் ஒரு வாசகியின் கேள்வியும்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் பெயரையும் ஹோட்டல் பெயரையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

போன டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் கணவர், மகன், 68 வயது மாமியார் ஆகியோருடன் அந்தமான் போயிருக்கிறார். ஹேவ்லாக் தீவில் ஒரு பட்ஜெட் ஹோட்டலில் ஃபேமிலி ரூம், இரவுக்கு 2,800 ரூபாய். மூன்று இரவுக்கும் சேர்த்து 8,400 ரூபாயைச் செயலி வழியாக முன்கூட்டியே கட்டிவிட்டார். "நான்-ரீஃபண்டபிள்" புக்கிங். விளம்பரத்தில் "கடலோரம், ஏசி, 24 மணி நேர மின்சாரம்" என்று இருந்திருக்கிறது. மாமியாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆனவர் என்பதால், பணம் கட்டும் முன்பே வாட்ஸ்அப்பில் தரைத்தள அறை கேட்டு, ஹோட்டலும் "ஓகே, தரைத்தளம்" என்று பதில் அனுப்பியிருக்கிறது.

போகவேண்டிய நாளில் கடல் கொந்தளிப்பு, ஃபெர்ரி ரத்து. போர்ட் பிளேரிலேயே 1,900 ரூபாய்க்கு ஒரு அறை எடுத்துத் தங்கிவிட்டு, அன்று மதியமே ஹோட்டலுக்குத் தகவல் சொல்லியிருக்கிறார். மறுநாள் போய் நின்றால், "அந்த ரூமை நேத்தே வேற பார்ட்டிக்குக் கொடுத்தாச்சு" என்று சொல்லி, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாம் மாடி அறையைக் கொடுத்திருக்கிறார்கள். மாமியார் நாலு படிக்கு ஒருதரம் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாராம். இரவில் கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஃபேன் மட்டும்தான், ஏசி இல்லை. ஆதார் அட்டைகளை அறையைக் காலி செய்யும்வரை திருப்பித் தரவில்லை. பால்கனிக் கதவின் தாழ்ப்பாள் சரியில்லை என்று முதல் நாளே சொல்லியும் பார்க்கவில்லை. கடைசி நாள் கணவரின் மொபைல் அறையிலிருந்து காணாமல் போனது. ஊர் திரும்பி ஒற்றை நட்சத்திரம் போட்டு "திருட்டு ஹோட்டல்" என்று எழுதியதும், மானநஷ்ட வழக்குப் போடுவோம் என்று மேனேஜர் போனில் மிரட்டுகிறார். செயலி நிறுவனமோ, "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே" என்கிறது.

முழுப் பணமும், போர்ட் பிளேரில் தங்கிய செலவும், மன உளைச்சலுக்கு ஐந்து லட்சமும் கேட்கலாமா, அதற்கு அந்தமானுக்குத்தான் போகவேண்டுமா, "நான்-ரீஃபண்டபிள்" என்று ஒத்துக்கொண்ட பிறகு எதையும் கேட்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வயதானவரை அப்படிப் படியேற வைத்த கோபம் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. அது நியாயமான கோபம்தான். ஆனால் அந்தக் கோபத்தில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஹோட்டல் தலையில் வைத்திருக்கிறீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் அந்த மூட்டையை அவிழ்த்துத்தான் பார்ப்பார்கள். கடல் செய்தது எது, ஹோட்டல் செய்தது எது என்று முதலில் நாமே பிரித்துவிடுவோம். வலுவில்லாத கோரிக்கை ஒன்று உள்ளே இருந்தால், பக்கத்தில் இருக்கும் வலுவான கோரிக்கையையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

ஃபெர்ரி ரத்தானதற்கு ஹோட்டல் பொறுப்பல்ல. ஹேவ்லாக்குக்குப் போக பெரும்பாலும் கடல் வழிதான். காற்று பலத்தால் அதிகாரிகள் படகை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். 2016 டிசம்பரில் புயல் சின்னத்தால் ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கி, கடற்படைக் கப்பல்கள் போய் மீட்டுவந்தது நினைவிருக்கலாம். ஆகவே போர்ட் பிளேரில் தங்கிய 1,900 ரூபாயை ஹோட்டலிடம் கேட்காதீர்கள். ஃபெர்ரி டிக்கெட் பணம் திரும்ப வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கணக்கு அத்தோடு முடிந்தது.

"கடலோரம் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள், காலையில் பார்த்தால் கடலே இல்லை, வெறும் பாறையும் சேறும்தான்" என்று எழுதியிருப்பதிலும் பாதிதான் ஏற்கும். நீங்கள் தங்கிய விஜய்நகர்ப் பக்கம் தீவின் கிழக்குக் கரை. அங்கே வற்றம் வந்தால் நீர் வெகுதூரம் உள்வாங்கிவிடும். பவளப்பாறைத் திட்டு வெளியே தெரியும். படங்களில் பார்த்து மனதில் வைத்திருந்த வெண்மணல் பரப்பு மேற்குக் கரையில் உள்ள ராதாநகர். வற்றத்துக்கு ஹோட்டல் பொறுப்பில்லை. ஆனால் "கடலோரம்" என்று போட்டுவிட்டு, நடுவில் இரண்டு வேறு விடுதிகளைத் தாண்டிப் பத்து நிமிடம் நடந்தால்தான் கரை என்றால், அது தவறான விளம்பரம். இந்தப் பாதியை மட்டும் வையுங்கள்.

மின்சாரமும் இதே மாதிரிதான். தீவில் மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர்களை நம்பி ஓடுவது. கரண்ட் போவதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. "24 மணி நேர மின்சாரம், ஏசி" என்று எழுதி விற்றதைக் குற்றமாகச் சொல்லலாம். அந்த விளம்பரப் பக்கத்தை இன்றைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்; பணம் கேட்டு நீங்கள் அனுப்பும் நோட்டீஸ் போனதும் அந்த வரி மாறிவிட வாய்ப்புண்டு.

"நான்-ரீஃபண்டபிள்" என்ற சொல்லின் எல்லை

அந்தப் பெட்டியில் டிக் போட்டதால் எல்லாமே போய்விட்டது என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. நீங்கள் வராமல் போனால் ஹோட்டலுக்கு அறை காலியாகக் கிடந்து நஷ்டம் வரும், அதை ஈடுகட்டத்தான் அந்த நிபந்தனை. தங்குவதாக இருந்தவருக்குச் சொன்ன அறையைக் கொடுக்காமல் விட ஹோட்டலுக்கு அது அனுமதிச் சீட்டு அல்ல.

முதல் இரவை எடுத்துக்கொள்வோம். நீங்கள் போகவில்லை, அறை தயாராக இருந்தது. இது மட்டும்தான் என்றால் 2,800 ரூபாயைத் திரும்ப வாங்குவது கடினம் என்று நேராகவே சொல்லிவிடுவேன். ஆனால் அந்த அறையை அன்றிரவே இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டதாக அவர்கள் வாயாலேயே சொல்லியிருக்கிறார்கள். அப்படியென்றால் அவர்களுக்கு நஷ்டம் எங்கே? இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74, ஒப்பந்தம் மீறப்பட்டால் நியாயமான ஈடு மட்டுமே உண்டு என்கிறது. நஷ்டமே வராதபோது முன்பணத்தை முழுசாக அமுக்கிக்கொள்ள முடியாது என்பதை உச்ச நீதிமன்றமும் 2015இல் கைலாஷ் நாத் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒரே அறைக்கு ஒரே இரவில் இரண்டு பேரிடம் பணம் வாங்கியது இங்கே உங்கள் வாதம்.

ரிசப்ஷனில் வாயால் சொன்னதற்குச் சாட்சி கணவர் மட்டுமே என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். நீங்கள் இணைத்து அனுப்பிய வாட்ஸ்அப் படங்களைத் திரும்பப் பாருங்கள். மறுநாள் காலை 7.40க்கு "கிரவுண்ட் ஃப்ளோர் ரூமில் கெஸ்ட் இருக்கிறார்கள், மேலே அட்ஜஸ்ட் செய்கிறோம்" என்று அவர்களே ஆங்கிலத்தில் அனுப்பிய செய்தி ஒன்று இருக்கிறது. காலை 7.40க்கு அறையில் ஆள் இருந்தால் முந்தைய இரவே தங்கியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்! உங்கள் கையிலுள்ள காகிதங்களில் இதற்குத்தான் அதிக மதிப்பு. அந்த உரையாடலை அழிக்காதீர்கள். போனை மாற்றுவதாக இருந்தால் பழையதைக் கொடுத்துவிடாதீர்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63இன்படி மின்னணுச் சான்றுக்கு ஒரு சான்றிதழ் இணைக்கவேண்டி வரும். அதற்கு மூலச் செய்தி இருக்கும் கருவி கையில் இருப்பது நல்லது.

இரண்டாம் மாடிதான் வழக்கின் மையம்

கடிதத்தில் இதை ஐந்தாவது குறையாக எழுதியிருக்கிறீர்கள். நோட்டீஸில் இது முதலில் வரவேண்டும். தரைத்தள அறையை நீங்கள் சும்மா கேட்கவில்லை. முழங்கால் அறுவை சிகிச்சை என்று காரணம் சொல்லிக் கேட்டீர்கள், அவர்கள் ஒத்துக்கொண்டார்கள், அதை நம்பித்தான் பணம் கட்டினீர்கள். வருவது ஒரு நாள் தாமதம் என்பதையும் அன்றே சொல்லிவிட்டீர்கள். மீதி இரண்டு இரவுக்கு அறையை வைத்திருக்கவேண்டியது அவர்கள் கடமை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இதைச் சேவைக் குறைபாடு என்கிறது.

உங்களுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்கிறேன். புக்கிங் உங்கள் பெயரில் இருந்தாலும், அந்தச் சேவையைப் பயன்படுத்தியவர் என்ற முறையில் உங்கள் மாமியாரும் சட்டப்படி நுகர்வோர்தான். அவரையும் மனுதாரராகச் சேர்க்கலாம். ஊர் வந்ததும் முழங்கால் வீங்கி டாக்டரிடம் காட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சீட்டு, மருந்துக் கடை ரசீது, பழைய அறுவை சிகிச்சையின் டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் சேர்த்து வையுங்கள். படியேறியதால்தான் வீங்கியது என்று டாக்டர் எழுதியிருக்கமாட்டார், அப்படி எழுதித் தரும்படி கேட்கவும் வேண்டாம். தேதி பேசும்.

போர்டு மாட்டிவிட்டால் பொறுப்பு போய்விடுமா?

"பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகையைப் பார்த்துவிட்டு, மொபைல் விஷயத்தை விட்டுவிட்டேன் என்கிறீர்கள். 2019இல் தாஜ்மகால் ஹோட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம், தன் அலட்சியத்தால் வந்த இழப்புக்கு ஒரு அறிவிப்பைக் காட்டி ஹோட்டல் தப்பிக்க முடியாது என்று சொன்னது. ஆனால் அந்த வழக்கு, சாவியை வாங்கி ஹோட்டலே நிறுத்திய காரைப் பற்றியது. உங்கள் மொபைல் உங்கள் அறையில், உங்கள் பொறுப்பில் இருந்தது. அதனால் பலகை செல்லாது என்று காட்டினால் மட்டும் போதாது. ஹோட்டலின் அலட்சியத்தையும் காட்டவேண்டும். பால்கனித் தாழ்ப்பாள்தான் அதற்கு வழி. முதல் நாள் புகார் சொன்னதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? அந்தத் தாழ்ப்பாளை மகன் வீடியோ எடுத்ததாக ஒரு வரி வருகிறது. அது எடுத்த தேதியோடு இருந்தால் பெரிய உதவி.

திருட்டுப் புகாரே கொடுக்கவில்லை, ஃபெர்ரிக்கு நேரமாகிவிட்டது என்கிறீர்கள். இப்போதும் கொடுக்கலாம். சம்பவம் எங்கே நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யவேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 173 சொல்கிறது. ஜீரோ எஃப்ஐஆர் என்பார்கள். திருச்சியில் பதிவாகி ஹேவ்லாக் காவல் நிலையத்துக்கு மாறிப் போகும். தாமதத்தால் இந்தக் கோரிக்கை கொஞ்சம் பலவீனப்பட்டிருப்பது உண்மை. ஆனாலும் புகார் நகல் இல்லாமல் ஆணையத்தில் மொபைலைப் பற்றிப் பேசுவது இன்னும் பலவீனம். அந்த நகலை வைத்து மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் மொபைலின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை முடக்கிவிடுங்கள், இந்திய நெட்வொர்க்குகளில் அந்தக் கருவி வேலை செய்யாது.

ஆதார் விஷயம் சின்னது. அடையாளத்தைச் சரிபார்க்கவும் பதிவேட்டில் எழுதவும் நகல் வாங்கவும் ஹோட்டலுக்கு வேலை இருக்கிறது; அசலைப் பிடித்து வைத்துக்கொள்ள உரிமை இல்லை. அடுத்த முறை, தேதியும் ஹோட்டல் பெயரும் எழுதிய நகலைக் கொடுத்துவிட்டு அசலைக் காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டீஸில் இதற்கு ஒரு வரி போதும்.

பில்லைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனால் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் எனக்கு உறுத்தியது. எக்ஸ்ட்ரா பெட், சாப்பாடு என்று 3,600 ரூபாய். அதன்மேல் "ஜிஎஸ்டி 12%" என்று பேனாவில் எழுதி 432 ரூபாய். வெள்ளைத் தாள், ஜிஎஸ்டி எண் கிடையாது. ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம்தான்; இப்படிப்பட்ட ஹோட்டலில் சாப்பாட்டுக்கும் 5 சதவீதம்தான். நீங்கள் போனது டிசம்பரில். ஜிஎஸ்டி பதிவே இல்லாதவர் வரி என்று ஒரு பைசா கூட வாங்கக்கூடாது. தொகை சிறியது என்று விட்டுவிடாதீர்கள். அவர்கள் எழுதிக்கொடுத்த தாளிலேயே தவறு பளிச்சென்று தெரிகிறது. எதிர்த்தரப்பு சமாதானத்துக்கு இறங்கிவர இதுவே காரணமாகலாம்.

அந்தமானுக்குப் போகவேண்டாம்

இந்த ஒரு பயத்தால்தான் பல பேர் வெளியூர் ஹோட்டல் குறைகளை அப்படியே விழுங்கிவிடுகிறார்கள். 2019 சட்டத்தின் பிரிவு 34, மனுதாரர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே புகார் கொடுக்க வழி செய்திருக்கிறது. நீங்கள் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தாக்கல் செய்யலாம். வழக்கு வேறு ஊரில்தான் நடக்கவேண்டும் என்று செயலியின் நிபந்தனைகளில் ஒரு வரி இருந்தாலும், சட்டம் தந்த இந்த உரிமை அதனால் போய்விடாது. கட்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணமும் இல்லை. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை, நீங்களே வாதாடலாம். இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், காணொளியில் விசாரணை கேட்டும் விண்ணப்பிக்கலாம். சம்பவம் நடந்ததிலிருந்து இரண்டு வருடம் கெடு.

ஹோட்டல், செயலி நிறுவனம் இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். விளம்பரம் வந்ததும் பணம் வாங்கியதும் செயலி வழியாக. "இடைத்தரகர் மட்டுமே" என்ற பதிலை ஆணையம் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஆனால் 2020 மின்வணிக விதிகளின்படி அவர்களுடைய குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்லவேண்டும். உங்களுக்கு வந்தது தானியங்கிப் பதில் ஒன்றுதான். அந்த அதிகாரிக்குப் பெயர் குறிப்பிட்டு மறுபடியும் மின்னஞ்சல் அனுப்புங்கள்.

அதற்கும் முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது. நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். இந்த அளவுத் தொகைக்கு அங்கேயே முடிந்துவிட வாய்ப்பு இருக்கிறது. முடியாவிட்டால் அந்தப் புகார் எண் மனுவுக்கு உதவும்.

ஐந்து லட்சத்துக்கு வருகிறேன். 8,400 ரூபாய் அறைக்கு ஐந்து லட்சம் கேட்டால் மனுவின் கனம் குறையும். அந்த எண்ணைப் பார்த்த உடனே, உண்மையான வலியைச் சொல்ல வந்தவரா, லாபம் பார்க்க வந்தவரா என்ற கேள்வி எழும். என் யோசனை: முதல் இரவு 2,800 ரூபாய், மீதி இரண்டு இரவு வாடகையில் ஒரு பகுதி, வரி என்று வாங்கிய 432, மொபைலின் இன்றைய மதிப்பு, மாமியாருக்கு நேர்ந்த சிரமத்துக்கு 25,000, வழக்குச் செலவு. இதில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தாலும் நீங்கள் ஜெயித்ததாகத்தான் அர்த்தம். மூன்று மாதத்தில் முடிக்கவேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுக்கும். நடுவில் ஹோட்டல் பாதித் தொகை தருகிறேன் என்று சமரசத்துக்கு வந்தால் கௌரவம் பார்க்காமல் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மேனேஜரின் மிரட்டல்

அனுபவித்ததை உள்ளபடி எழுதுவது அவதூறு ஆகாது. தரைத்தளம் என்று சொல்லி இரண்டாம் மாடி கொடுத்தார்கள், தாழ்ப்பாளைச் சரிசெய்யவில்லை, ஏசி ஓடவில்லை: இவை ஒவ்வொன்றும் நீங்களே அனுபவித்தவை. ஆனால் "திருட்டு ஹோட்டல்" என்ற தலைப்பு வேறு. மொபைலை ஊழியர் எடுத்தார் என்பதற்கு உங்களிடம் எதுவும் இல்லை. வெளியாள் பால்கனி வழியாக வந்திருக்கலாம். படிப்பவருக்கோ ஹோட்டல்காரரே திருடினார் என்றுதான் தோன்றும். அந்த இரண்டு வார்த்தையை மட்டும் எடுத்துவிட்டு, நடந்ததைத் தேதியோடு எழுதுங்கள். மாற்றுவதற்கு முன் பழைய பதிவை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவை முழுதாக நீக்கினால் பணம் தருகிறேன் என்று மேனேஜர் சொன்னால், எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். போனில் இனி எதுவும் பேசவேண்டாம்.

நோட்டீஸை ஆங்கிலத்தில் இரண்டு பக்கத்துக்குள் எழுதி, ஸ்பீடு போஸ்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். முகவரியில் ஹேவ்லாக் என்பதோடு அரசுப் பெயரான ஸ்வராஜ் த்வீப் என்பதையும் சேர்த்து எழுதினால் குழப்பம் வராது. பதிலுக்கு 30 நாள் கொடுங்கள். வராவிட்டால் மனு. அதில் உங்கள் மாமியாரும் கையெழுத்துப் போடவேண்டியிருக்கும். நோட்டீஸ் கிளம்பும் முன் அவருக்கு இதில் சம்மதமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.